மாறியது எந்த மணியில்?

(இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத் தொழிலாளத் தோழர்களிடையே பேசியது)

தோழர்களே!

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், ஒரு பொருள் திடீரென்று மாறினால், அம்மாறுதல் எங்கே ஏற்பட்டது என்று குறைந்த செலவில் கண்டுபிடிப்பது எப்படி என்பதாகும்.

இராஜபாளையம் பஞ்சாலை ஒன்றின் நூல் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தறிக்கு வருகிறதென்று வைத்துக்கொள்வோம். இழை அறுகிறதென்று புகார். உடனே ஒருவர் கண் திருஷ்டி என்று பூசணிக்காய் உடைப்பார். மற்றொருவர், "இரவு ஷிப்டுக்காரன் தூங்கியிருப்பான், கூலியைப் பிடி" என்பார். இவ்விருவரில் யாராவது நூலைச் சோதித்தார்களா?

நாம் கேட்பதெல்லாம், நூல் எந்த மணியிலிருந்து கெட்டது என்பதே. ஒரே இயந்திரத்தில் ஓடிய நேர வரிசைப்படி 1,024 கோன்கள் இருக்கின்றன. அத்தனையையும் சோதிக்க நாள் போதாது. நடுக் கோனை எடுத்து இழையின் பலத்தைப் பாருங்கள். நல்லதானால் கேடு அதற்குப் பின்னால். கெட்டதானால் அதிலோ அதற்கு முன்னாலோ. ஒரே சோதனையில் பாதி ஒழிந்தது. மீதியிலும் நடுவையே எடுங்கள். 10 சோதனையில் இடம் அகப்படும்.

இந்த முறையிலும் குருட்டு நம்பிக்கை கூடாது. ஒரு சோதனை தவறாகவும் காட்டலாம். ஆகவே சந்தேகமுள்ள இடத்தில் பலமுறை பாருங்கள். கேடு வந்து, மறைந்து, மறுபடி வந்திருந்தால் பாதியாக்கும் முறை ஏமாற்றிவிடும். ஆகவே முதலில் இடைவெளி விட்டுச் சில கோன்களைப் பார்த்த பிறகே நெருங்குங்கள். அடுத்து எதைச் சோதிப்பதென்று தானே தேர்ந்தெடுக்க இன்று கணினிக்கும் கற்பிக்கிறார்கள்.

ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் "போதுமா, இன்னும் வேண்டுமா?" என்று தீர்மானிக்கும் கணக்கை, யுத்த தளவாடச் சோதனைக்காக 1943-ல் அமெரிக்காவில் வகுத்தவர் ஆபிரகாம் வால்ட். இந்தியாவுக்குச் சொற்பொழிவாற்ற வந்த அவ்வறிஞர் 1950-ல் நம் நீலகிரியில் விமான விபத்தில் மாண்டார்.

மணி தெரிந்துவிட்டால் மேலே விசாரிக்கலாம். அப்போது புதுப் பஞ்சுப் பொதி பிரித்தார்களா? இயந்திரத்தில் ஏதேனும் மாற்றினார்களா? இரவு ஷிப்டு தொடங்கியது 11 மணிக்கு, கேடு தொடங்கியது 8 மணிக்கு என்றால், அத்தொழிலாளியின் கூலியைப் பிடிக்க யாருக்கு வாய் வரும்? ஷிப்டு மாறிய மணியிலேயே கேடு தொடங்கியிருந்தாலும் அதுவே குற்றத்துக்கு ருசுவாகாது. விசாரணைக்குத் தொடக்கமே ஆகும்.

ஆகவே தோழர்களே! ஒவ்வொரு கோனிலும் ஓடிய மணியை எழுதும்படி கேளுங்கள். யாருடைய கூலியிலாவது கைவைக்க வந்தால், முதலில் அந்தப் பத்துச் சோதனையைச் செய்து காட்டும்படி கேளுங்கள்.