ரஷ்ய மொழிக் கல்வியும் நம் பிள்ளைகளும்



மேற்கல்வியைப் பற்றிப் பேச்செடுத்தால், தோட்டப்புறத்து வீடுகளில் நான்கைந்து படிப்புகளின் பெயர்களே முதலில் காதில் விழும். மருத்துவம், சட்டம், பொறியியல், கணக்கியல், ஆசிரியர் பயிற்சி. இவை நல்ல படிப்புகள்தாம், ஐயமில்லை. ஆனால் எல்லாரும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நிற்கும்போது, கூட்டமில்லாத இன்னொரு வாசல் பக்கத்திலேயே இருப்பதைப் பார்க்கத் தவறிவிடுகிறோம். அத்தகைய ஒரு வாசலைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன். ரஷ்ய, யூரேசிய இயல் என்பது அதன் பெயர்.

ஐரோப்பாவையும் ஆசியாவையும் ஒரே நிலப்பரப்பாக எண்ணிச் சொல்லும் பெயர் யூரேசியா. கல்வித்துறையிலோ, இச்சொல் பெரும்பாலும் முன்னாள் சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த நாடுகளைக் குறிக்கும். 1991 ஆம் ஆண்டில் அந்த ஒன்றியம் கலைந்தபோது 15 தனி நாடுகள் தோன்றின. ரஷ்யா, உக்ரேன், கசக்ஸ்தான், உஸ்பெகிஸ்தான், ஜார்ஜியா, ஆர்மீனியா ஆகியவை அவற்றுள் சில. இந்நாடுகளின் மொழி, வரலாறு, அரசியல், வாணிகம், சட்டம், பண்பாடு ஆகியவற்றை முறையாகக் கற்பதே இந்த இயல். இதன் அடித்தளம் ரஷ்ய மொழி. ரஷ்யாவில் மட்டுமன்றிப் பெலாருஸ், கசக்ஸ்தான், கிர்கிஸ்தான் ஆகிய நாடுகளின் அரசு அலுவலகங்களிலும் அம்மொழி வழங்குகிறது. ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் ஆறு அதிகாரத்துவ மொழிகளுள் அதுவும் ஒன்று.

"எங்கோ பனி பெய்கிற நாட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அது நம் பால்மரத்திலேயே இருக்கிறது.

ரப்பர் மரம் வெப்ப நாட்டு மரம். குளிர் நாட்டில் வளராது. ஆகவே, ரப்பருக்காகப் பிறரை நம்பியிராமல் இருக்கச் சோவியத் விஞ்ஞானிகள் பெருமுயற்சி செய்தனர். செர்கெய் லெபெதெவ் என்ற வேதியியல் அறிஞரின் முறையைக் கொண்டு, 1932 ஆம் ஆண்டில் யாரஸ்லாவல் நகரில் செயற்கை ரப்பர் ஆலை ஒன்று உற்பத்தியைத் தொடங்கியது. ஏறக்குறைய அதே காலத்தில், கசக்ஸ்தான் பக்கத்துத் தியன்சான் மலைப்பகுதியில், வேரில் ரப்பர்ப் பால் சுரக்கும் கொக்சகீஸ் என்ற சிறு செடியைக் கண்டெடுத்துப் பயிரிட்டும் பார்த்தனர். இவ்வளவு செய்தும் இயற்கை ரப்பரின் தேவை தீரவில்லை. மலேசியாவும் சோவியத் ஒன்றியமும் 1967 ஏப்ரல் 3 ஆம் நாள் அரச உறவு ஏற்படுத்திக்கொண்டன. நம் நாட்டு ரப்பரைப் பெருமளவில் வாங்கிய நாடுகளுள் சோவியத் ஒன்றியமும் ஒன்றாக இருந்தது.

அக்காலத்தில் பால்வெட்டுத் தொழிலாளியின் கூலி ரப்பர் விலையை ஒட்டி ஏறி இறங்கியது. அப்படியானால், மாஸ்கோவில் வாங்குபவர் எடுத்த முடிவுக்கும் நம் வீட்டு அடுப்புக்கும் தொடர்பு இருந்தது அல்லவா? அந்தப் பேரத்தின்போது நடுவே அமர்ந்து மொழிபெயர்த்தவர்களும், கடிதம் எழுதியவர்களும், ஒப்பந்தத்தைப் படித்துச் சரிபார்த்தவர்களும் இருந்திருப்பார்கள். மரத்தைச் சீவியது நம் கை. அந்த மேசையில் நம் பிள்ளைகளுக்கும் ஓர் இடம் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. நாம் அவர்கள் மொழியைப் பற்றி எண்ணாத நாளிலேயே அவர்கள் நம் மொழியைக் கற்கத் தொடங்கிவிட்டார்கள். பியாதிகோர்ஸ்கி, ரூதின் என்ற இருவர் தொகுத்த தமிழ் - ரஷ்ய அகராதி 1960 இல் மாஸ்கோவில் வெளிவந்தது. மிகயில் அந்திரனோவ் தமிழ் இலக்கணத்தை ஆராய்ந்து நூல்கள் எழுதினார். 2020 இல் மறைந்த அலெக்சாந்தர் துபியான்ஸ்கி, மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் தமிழ் கற்பித்தார். பரீஸ் பார்னிக்கல் மலாய் இலக்கியத்தில் தேர்ந்த அறிஞராக விளங்கினார். அவர்கள் பக்கமிருந்து நம் பக்கம் பாலம் போட்டவர்கள் இத்தனை பேர். நம் பக்கமிருந்து போனவர்களோ சிலரே. சிலர் மட்டுமே அறிந்த மொழிக்கு மதிப்பு அதிகம் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ரஷ்ய மொழி கடினமானதா? எழுத்துகள் 33. அவற்றை இரண்டு மூன்று வாரங்களில் கற்றுவிடலாம். இலக்கணத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. 'வீடு, வீட்டை, வீட்டுக்கு, வீட்டில்' என்று சொல்லின் கடைசி மாறுவதை வேற்றுமை என்கிறோம். தமிழில் வேற்றுமை எட்டு. ரஷ்ய மொழியில் ஆறு. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் இதைக் கண்டு திகைப்பார். தமிழ்ப் பிள்ளை திகைக்க வேண்டியதில்லை. 'அவர் மருத்துவர்' என்று தமிழில் வினைச்சொல் இல்லாமலே சொல்லுகிறோம். ரஷ்ய மொழியிலும் அப்படித்தான். ஆனால் உயிரற்ற பொருள்களுக்குக்கூட ஆண்பால், பெண்பால், பலவின்பாலன்றி ஒன்றன்பால் என்று மூன்று பிரிவுகள் உண்டு. ஒரே செயலைக் குறிக்க, செயல் முடிந்ததா முடியவில்லையா என்பதற்கேற்ப இருவேறு வினைச்சொற்களும் வரும். இவற்றுக்குப் பயிற்சி தேவை. பொறுமையாக நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்குகிற பிள்ளைக்கு எட்டாத மொழியன்று இது.

எங்கே கற்கலாம்? நம் நாட்டிலேயே மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் ரஷ்ய மொழி துணைப் பாடமாகக் கற்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. வேறு பட்டத்துக்குப் படித்துக்கொண்டே இதையும் கற்க அது நல்ல வழி. இந்தியாவில், தில்லியிலுள்ள ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழிக்கென்றே தனித்துறை இருக்கிறது. கசக்ஸ்தானின் தலைநகரான அஸ்தானாவில் 2010 இல் தொடங்கிய நசர்பாயெவ் பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் கற்பிக்கிறது. ஜப்பானில், சப்போரோ நகரத்து ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் ஸ்லாவிய - யூரேசிய ஆய்வு நிலையம் உண்டு. இலண்டனில் 1915 இலும், நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1946 இலும் தோன்றிய கல்வி நிலையங்கள் இத்துறையில் புகழ்பெற்றவை. ஆக, ரஷ்யாவைப் பற்றிப் படிக்க ரஷ்யாவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை.

ரஷ்யாவிலேயே படிக்க விரும்புவோர்க்கு அந்நாட்டு அரசின் உபகாரச் சம்பளம் உண்டு. மாஸ்கோவில் 1960 இல் தொடங்கிய மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவர்களுக்காகவே ஏற்பட்டது. அதற்குச் சூட்டப்பட்டிருந்த லுமும்பாவின் பெயர் 2023 இல் மீண்டும் வழங்கப்பட்டது. ரஷ்ய மொழியில் பட்டப்படிப்புப் படிக்க வருபவர் பொதுவாக முதலாண்டில் மொழி மட்டும் கற்று, அதன்பின் தேர்வெழுதி வகுப்பில் சேர்வர். உபகாரச் சம்பளம் என்றதும் எல்லாச் செலவும் தீர்ந்தது என்று எண்ணிவிட வேண்டாம். பாடக் கட்டணம் அதில் அடங்கும். விமானப் பயணம், காப்புறுதி, அன்றாடச் சாப்பாட்டுச் செலவின் பெரும்பகுதி ஆகியவை குடும்பத்தின் பொறுப்பே. நம் நாட்டின் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் உள்நாட்டுக் கல்விக்கூடங்களுக்கே உரியது என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

படித்து முடித்தால் என்ன வேலை? இதுதான் பெற்றோரின் முதல் கேள்வி, நியாயமான கேள்வியுங்கூட. வெளியுறவுச் சேவை, மொழிபெயர்ப்பு, செய்தித்துறை, சுற்றுலா, கப்பல் போக்குவரத்து, ஏற்றுமதி வாணிகம், பல்கலைக்கழக ஆய்வு ஆகியவற்றில் இடமுண்டு. பெட்ரோனாஸ் நிறுவனம் 1996 இல் துர்க்மெனிஸ்தானுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு காஸ்பியன் கடலில் எண்ணெய் எடுக்கச் சென்றது. மலேசியா 2003 இல் ரஷ்யாவிடம் 18 சுகோய் போர் விமானங்கள் வாங்க ஒப்பந்தம் செய்தது. அதன் தொடர்பாகவே டாக்டர் ஷேக் முஸாபார் மாஸ்கோ அருகே விண்வெளிப் பயிற்சி பெற்று, 2007 அக்டோபர் 10 ஆம் நாள் கசக்ஸ்தானிலுள்ள பைக்கோனூரிலிருந்து விண்ணுக்குச் சென்றார். அந்தப் பயணத்துக்கு இறுதியாகத் தேர்வான நால்வரில் வனஜா சிவா என்ற நம் இனப் பெண்ணும் ஒருவர்.

இவற்றைக் கவனித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். எண்ணெய் எடுத்தவர் பொறியாளர். விண்ணில் பறந்தவர் மருத்துவர். மொழி அவர்களுக்குத் துணையாக நின்றது. ஆகவே, ரஷ்ய மொழியை மட்டும் கற்றால் போதும் என்று யாரும் எண்ண வேண்டாம். கணக்கியலோடு, சட்டத்தோடு, பொறியியலோடு, வேளாண்மையோடு சேர்த்துக் கற்க வேண்டும். ரப்பரையும் செம்பனையையும் பிறந்த நாள் முதல் பார்த்து வளர்ந்த பிள்ளை, அவற்றை வாங்கும் நாட்டின் மொழியையும் கற்றால், அவன் அறிவு இருமடங்காகும். ரஷ்யா ஆண்டுதோறும் செம்பனை எண்ணெய் வாங்குகிறது. அதில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து போகிறது. சந்தை இருக்கிறது, அதை அறிந்தவர்கள் வேண்டும்.

இனி, கசப்பான செய்தியையும் சொல்லியாக வேண்டும். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தது. அதன் விளைவாகப் பல நாடுகள் ரஷ்யாமீது பொருளாதாரத் தடை விதித்தன. அவ்வாண்டு மார்ச்சு மாதம் விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் அங்கே தம் சேவையை நிறுத்தின. நம் வங்கி அட்டை அங்கே செல்லாது என்றால், மகனுக்கு மாதச் செலவுக்குப் பணம் அனுப்புவது எப்படி என்பதை விமானமேற்றும் முன்பே தீர்மானித்தாக வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்தொன்று உண்டு. 2023, 2024 ஆம் ஆண்டுகளில் இந்தியா, நேப்பாளம், இலங்கை ஆகிய நாடுகளைச் சேர்ந்த இளைஞர்கள், நல்ல சம்பளத்தில் வேலை என்ற ஏஜெண்டுகளின் பேச்சை நம்பி ரஷ்யாவுக்குச் சென்றனர். அவர்களில் பலர், படிக்கத் தெரியாத ரஷ்ய மொழித் தாளில் கையெழுத்திட்டுப் படையில் சேர்க்கப்பட்டனர். போர்முனையில் உயிரிழந்தவர்களும் உண்டு. அந்தத் தாளில் எழுதியிருந்ததைப் படிக்க முடிந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் தப்பியிருக்கும்! மொழியறிவு பதவிக்கு மட்டுமன்று, உயிருக்கும் காவல்.

ஆதலால், பெற்றோர்களே, இந்த நான்கு காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, கல்வி முகவரிடம் ஒரு வெள்ளிகூடக் கொடுப்பதற்கு முன், பல்கலைக்கழகத்திடம் நேரடியாக எழுதிக் கேளுங்கள். இரண்டாவது, அந்தப் பட்டத்துக்கு நம் நாட்டில் அங்கீகாரம் உண்டா என்று எம்.கியூ.ஏ. நிறுவனத்தில் விசாரியுங்கள். மருத்துவமானால் மலேசிய மருத்துவ மன்றத்திடம் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பிக்கும் கல்லூரியானாலும், அங்கே நோயாளி பேசுவது ரஷ்ய மொழிதான் என்பதையும் எண்ணுங்கள். மூன்றாவது, பயணத்துக்கு முன் வெளியுறவு அமைச்சின் அறிவுரையைப் பாருங்கள். நான்காவது, புரியாத மொழியிலுள்ள எந்தத் தாளிலும் பிள்ளையைக் கையெழுத்திட விடாதீர்கள்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் ஒரு சொல். இடைநிலைப் பள்ளியில் படிக்கும்போதே மலாயையும் ஆங்கிலத்தையும் திருத்தமாகக் கற்றுக்கொள்ளுங்கள், தமிழை விட்டுவிடாதீர்கள். இம்மூன்றும் இல்லாமல் நான்காவது மொழிக்கு வேலையில்லை. ஐந்தாம் படிவத் தேர்வு முடிந்து காத்திருக்கும் மாதங்களில் அந்த 33 எழுத்துகளைக் கற்றுப் பாருங்கள். கைத்தொலைபேசியிலேயே அதற்குப் பாடங்கள் உள்ளன. பணச் செலவும் இல்லை. பிடித்திருந்தால் தொடருங்கள். பிடிக்கவில்லையென்றால் இழப்பு ஒன்றுமில்லை.

ரஷ்ய மொழி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏற்றது என்று நான் சொல்ல வரவில்லை. பத்துப் பேர் மருத்துவம் படிக்கட்டும். பதினோராவது பிள்ளை, "அம்மா, நான் வேறொன்று படிக்கப் போகிறேன்" என்று சொன்னால், உடனே மறுத்துவிடாமல், உட்கார வைத்து விவரம் கேளுங்கள். அவ்வளவே நான் வேண்டுவது.