விழத் தெரிந்தவரும் விழ மறுப்பவரும்



சென்ற மாதம் எங்கள் பள்ளிக்கு ஒரு தாய் வந்தார். எங்களிடம் படித்துவிட்டு இப்போது இடைநிலைப் பள்ளிக்குப் போகும் அவருடைய மகனை ஜூடோ பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். கையில் பாரத்தை வைத்துக்கொண்டு, "ஐயா, பையனுக்குக் கைகால் முறிந்துவிடாதே? கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டார். அவரிடம் சொன்னதைத்தான் இன்று உங்களிடமும் சொல்லப்போகிறோம்.

ஜூடோவை 1882-இல் தோக்கியோவில் தொடங்கியவர் ஜிகொரோ கானோ. அவர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றின் தலைவராகவும் இருந்தவர். ஆகையால் எங்களுக்கு அவர்மீது தனிப் பற்று உண்டு. இந்த விளையாட்டில் குத்து இல்லை, உதை இல்லை. எதிராளியின் சட்டையைப் பற்றி, நிலைகுலையச் செய்து, முதுகு பாயில் படும்படி வேகமாக வீசவேண்டும். சரியாக வீசிவிட்டால் ஆட்டம் அத்துடன் முடிந்தது.

எனவே முதற்பாடம் வீசுவதன்று, விழுவது. முகவாயை நெஞ்சோடு ஒட்டி, கையால் பாயை ஓங்கித் தட்டி விழவேண்டும். இது வராத பிள்ளைக்குத்தான் பெரிய ஆபத்து. 1983 தொடங்கி ஏறக்குறைய 30 ஆண்டுகளில் ஜப்பானியப் பள்ளிகளில் ஜூடோவினால் 100-க்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தார்கள். பலர் புதிதாகச் சேர்ந்தவர்கள். தலையில் ஏற்பட்ட காயத்தால் மாண்டவர்கள். தலை தரையில் மோதவேண்டும் என்பதுகூட இல்லை. வேகமாக உலுக்கப்பட்டாலே மூளைமேல் உள்ள இரத்தக் குழாய் அறுந்துபோகலாம். பயிற்சி முடிந்து வந்த பிள்ளை தலைவலி என்றால், தைலம் தேய்த்துப் படுக்கவைக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

அப்படியானால், நன்றாக விழத் தெரிந்த ஒலிம்பிக் வீரர்களுக்கு ஏன் அடிபடுகிறது? அவர்கள் விழ மறுக்கிறார்கள், அதனால்தான்! முதுகு பட்டால் தோல்வி அல்லவா? வீசப்படும்போது கையை ஊன்றுகிறார்கள். தோளும் முழங்கையும் பிசகுகின்றன. பாதம் பாயில் பதிந்திருக்க உடலை முறுக்குகிறார்கள். முழங்கால் மூட்டை இறுக்கிப் பிடிக்கும் நார் அறுகிறது. சட்டையை விடாமல் பற்றுவதால் விரல்களுக்கும் ஓயாத வேதனை. கைப்பூட்டில் சிக்கியவர் இரண்டு முறை தட்டினால் எதிராளி விட்டுவிடவேண்டும். பதக்க ஆசையில் தட்டாமல் பொறுப்பவரின் முழங்கைதான் கெடுகிறது. சடுகுடுவில் பிடிபட்ட பிறகும் கோட்டைத் தொடத் துடிப்பவரை நாம் பார்த்ததில்லையா?

ஜப்பானின் யாசுஹிரோ யாமாஷித்தாவைப் பாருங்கள். 1980-இல், எதிராளி தம் இரு கால்களாலும் கத்தரிபோல் பின்னி வீழ்த்தியதில் அவருக்குக் கால் முறிந்தது. அந்தப் பிடி பின்னர்ப் போட்டிகளில் தடைசெய்யப்பட்டது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அவருக்கு வலது கெண்டைக்காலில் தசை கிழிந்தது. நொண்டிக்கொண்டே இறுதி ஆட்டத்துக்கு வந்து, எகிப்து வீரர் முகமது ரஷ்வானைப் பாயோடு அமுக்கித் தங்கம் வென்றார். பரிசு மேடையில் ஏற அவருக்குக் கைகொடுத்தவர் அதே ரஷ்வான். அந்தக் காட்சி நெஞ்சைத் தொடுகிறது. ஆனாலும் கிழிந்த தசையோடு ஆடுவதை எங்கள் மாணவருக்கு நாங்கள் பாடமாகச் சொல்லமாட்டோம்.

இன்னொன்றும் உண்டு. எடைப் பிரிவுக்காகப் பட்டினி கிடந்து, தண்ணீர் குடிக்காமல், வியர்வை சிந்தி உடம்பை வற்றவைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒலிம்பிக்கை முன்னிட்டு இவ்வாறு எடை குறைத்த தென்கொரிய வீரர் ஒருவர் 1996-இல் மாரடைப்பால் இறந்தார். வளரும் பிள்ளையிடம் எவரேனும் "இரண்டு கிலோ குறை" என்றால், ஏன் என்று கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு.

இவ்வளவும் கேட்ட அந்தத் தாய், "பயிற்சியை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் ஐயா" என்று சொல்லிப் பாரத்தை மடித்து எடுத்துச் சென்றார். மறுவாரம் வந்தார். முகத்தில் சற்று ஏமாற்றம்.

"ஒரு மணி நேரம் பார்த்தேன் ஐயா. சண்டையே இல்லை. பிள்ளைகள் விழுவதும் எழுவதுமாகவே இருந்தார்கள்" என்றார்.

"அப்படியானால் கையெழுத்துப் போடுங்கள் அம்மா" என்றோம்.