ஈரத்தை மேலே வையுங்கள்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமம் கொண்டு ஆரம்பிக்கின்றேன். புகழ் அனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் எம் தலைவர் முஹம்மத் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரது குடும்பத்தினர், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



உச்சமுனையில் ஒரு நாள் அஸர்த் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்து சென்ற பின்னரும் ஒரு மாணவர் மட்டும் பள்ளிவாசலின் தூணருகே அமர்ந்திருந்தார். அவர் என்னிடம் கூறியதை, அவரது அனுமதியுடனும் பெயர் குறிப்பிடாமலும் உங்கள் முன் வைக்கின்றேன்.

அம்மாணவர் தமது கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கணினியை இயக்குகின்ற அடிப்படை மென்பொருளைப் பணிசெயல் முறைமை என்று பாடசாலையில் கற்கின்றீர்கள். விண்டோஸ் என்பது அவற்றுள் ஒன்று. இன்னும் வெளிவராத அடுத்த விண்டோஸின் திரை இவ்வாறுதான் இருக்கும் என்று நம்பத்தக்க வகையில் அப்படம் அமைந்திருந்தது. புதிய பின்னணி, வளைந்த ஓரங்கள் கொண்ட பட்டியல், திரையின் கீழ் மூலையில் சோதனைப் பதிப்பின் இலக்கம் ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. மூன்று இரவுகள் விழித்திருந்து அவரே வரைந்த படம் அது. கணினித் திரையை அப்படியே பிடித்த ஸ்கிரீன்ஷொட் போன்று அதனை அமைத்து, “இன்று கசிந்தது” என்று எழுதி நண்பர்களின் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியிருந்தார்.

அன்றிரவே உண்மையைக் கூறி அனைவரையும் சிரிக்க வைப்பதுதான் அவரது எண்ணம். ஆனால் நண்பர்கள் வியந்தார்கள்; பிறருக்கும் அனுப்பினார்கள். அந்த வியப்பின் இனிமையில் உண்மையைக் கூற அவருக்கு மனம் வரவில்லை. நான்கு நாட்களின் பின்னர் வேறொரு குழுவிலிருந்து அதே படம் அவரிடமே திரும்பி வந்தது. இம்முறை படத்தின் கீழே, “இங்கே தரவிறக்கம் செய்யுங்கள்” என்றொரு இணைப்பு இருந்தது. அவ்விணைப்பை அவர் இடவில்லை, யாரோ இட்டிருந்தார். கற்பிட்டியில் வசிக்கும் அவரது மச்சான் அதனை அழுத்தி, கடைக் கணக்குகள் இருந்த கணினியில் அக்கோப்பை நிறுவிவிட்டார். மின்னஞ்சலின் கடவுச்சொல் களவு போயிற்று; ஒரு வருடக் கணக்கும் அழிந்து போயிற்று.

அம்மாணவர் என்னிடம் கேட்டார்: “மௌலவி, படம்தான் என்னுடையது. அந்த இணைப்பு என்னுடையதில்லை. நான் குற்றவாளியா?”

இக்கேள்விக்கான விடையே இன்றைய நற்சிந்தனையாகும்.

சகோதரர்களே! இது உச்சமுனையில் தோன்றிய புதுமையன்று. மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் எக்ஸ்பி 2001 ஒக்டோபர் மாதத்தில் வெளிவந்தது. அதற்கு அடுத்ததான விஸ்டா பொதுமக்களின் கைக்கு வந்தது 2007 ஜனவரி மாதத்திலாகும். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தில் ‘லோங்ஹோர்ன்’ என்ற இரகசியப் பெயரால் அறியப்பட்ட அந்த மென்பொருளின் திரையைக் காண உலகெங்கும் கணினி ஆர்வலர்கள் ஏங்கியிருந்தனர். அந்த ஏக்கத்தைப் போலிகள் நிரப்பின. சிலர் பழைய எக்ஸ்பிக்கே புதிய தோற்றமொன்றை அணிவித்துப் படம் பிடித்தனர். சிலர் படம் வரையும் மென்பொருளில் முழுத் திரையையும் வரைந்தனர். மெய்யான சோதனைப் பதிப்புகளின் மூலையில் இலக்கம் காணப்படும் என்பதை அறிந்து, அதனையும் மறவாது பொறித்தனர்.

அக்காலத்தில் இதனைப் பலரும் வெறும் விளையாட்டாகவே கருதினர். பின்னர் நடந்தது என்ன? 2021 ஜூன் மாதத்தின் நடுப்பகுதியில் விண்டோஸ் 11 இன் முன்னோடிப் பதிப்பொன்று மெய்யாகவே கசிந்தது. ஜூன் 24ஆம் திகதி நிறுவனம் அதனை அறிமுகம் செய்தது. ஒக்டோபர் 5ஆம் திகதியே வெளியிட்டது. மக்கள் காத்திருந்த அந்த இடைவெளியில் மோசடிக்காரர்கள் நுழைந்தனர். விண்டோஸ் 11 ஐ நிறுவும் கோப்பு எனும் பெயரில் ஒரு போலிக் கோப்பு உலாவுவதாக கஸ்பர்ஸ்கி எனும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2021 ஜூலை மாதத்தில் எச்சரித்தது. அக்கோப்பு 1.75 கிகாபைற் அளவுடையது. அதன் பெரும்பகுதி எப்பயனுமற்ற வெற்றுத் தரவு. மெய்யான கோப்பு பெரிதாக இருக்கும் என்று மக்கள் எதிர்பார்ப்பதால், பொய்யையும் அவ்வளவுக்கு ஊதிப் பெருக்கியிருந்தனர். 2022 இன் ஆரம்பத்திலும், மைக்ரோசொஃப்டின் பக்கத்தைப் போன்றே தோற்றமளித்த போலிப் பக்கமொன்று கடவுச்சொற்களைத் திருடும் மென்பொருளை விநியோகித்ததாக எச்பி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

முதலாமவர் பார்ப்பவரை வியக்கச் செய்யப் போலித் திரையை வரைந்தார். இரண்டாமவர் பார்ப்பவரின் பணத்தைத் திருட அதே போலித் திரையைப் பயன்படுத்தினார். நோக்கங்கள் வேறு, எனினும் இருவரும் நம்பியிருந்தது பார்ப்பவரின் நம்பிக்கையை மாத்திரமே.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை சந்தையில் தானியக் குவியலொன்றைக் கடந்து சென்றபோது, தமது திருக்கரத்தை அதனுள் நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. காரணம் வினவியபோது, மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் கூறினார். மக்கள் காணும் வண்ணம் அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வினவிய நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கருத்தில் கடுமையாக எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் சம்பவம் இது.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தானியத்தைக் கொட்டிவிடுமாறு நபியவர்கள் கூறவில்லை. விற்க வேண்டாம் என்றும் கூறவில்லை. ஈரத்தை மேலே வைக்கவில்லையே என்றுதான் கேட்டார்கள். எமது கரையில் கருவாடு கட்டுவோர் இதனை நன்கு விளங்குவர். நல்ல மீனை மேலே அடுக்கி, பழுதானதை அடியில் மறைத்த கட்டை வாங்கியவர் வீட்டுக்குச் சென்று அவிழ்த்த பின்னரே அறிவார். பழுதானதை மேலே வைத்து, இதன் விலை இவ்வளவு என்று கூறியிருந்தால் அங்கே குற்றமில்லை.

அம்மாணவரின் படமும் அத்தகையதே. எதிர்கால விண்டோஸ் எவ்வாறு அமையலாம் என்று கற்பனை செய்து வரைவது ஹராமன்று. அது ஒரு திறமை. அதனையே தொழிலாகக் கொண்டு ஹலாலாகச் சம்பாதிப்போரும் இருக்கின்றனர். படத்தின் மீது “இது எனது கற்பனை” என்று ஒரு வரி எழுதியிருந்தால் அது கலை. அந்த வரியை மறைத்து, “இன்று கசிந்தது” என்று எழுதியதால் அது பொய். படம் ஒன்றே, ஒரு வரியினால் ஹலாலின் கரையிலிருந்து ஹராமின் கரைக்குச் சென்றுவிட்டது.

“சிரிப்பதற்காகச் செய்தேன்” என்று சிலர் கூறலாம். மக்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய்யுரைப்பவனுக்குக் கேடு உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் அபூதாவூத், திர்மிதி ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. நபியவர்களும் தோழர்களுடன் வேடிக்கையாகப் பேசியிருக்கின்றார்கள். ஆனால் அந்த வேடிக்கையிலும் உண்மையைத் தவிர வேறெதனையும் அவர்கள் கூறியதில்லை. ஆகவே நகைச்சுவைக்கு இஸ்லாத்தில் இடமுண்டு. அதற்காகப் பொய்க்கு இடமில்லை.

அப்படியாயின் அவ்விணைப்பை இட்டவரின் பாவம் இவரையும் சேருமா? களவு செய்தவனே கள்வன். அவனது களவை இவர் எண்ணவுமில்லை, அறியவுமில்லை. எண்ணத்தைக் கொண்டே செயல்கள் கணிக்கப்படுகின்றன என்பது எமது மார்க்கத்தின் அடிப்படை. எனவே இவரைக் கள்வர் என்று கூறமாட்டேன். ஆனால் தீயதொரு வழியைத் துவக்கி வைப்பவர், அதனைப் பின்பற்றுவோரின் சுமையிலும் பங்கு பெறுவார் என்ற ஹதீஸின் எச்சரிக்கையை நாம் மறக்கலாகாது. பூட்டியிருந்த கதவைத் திறந்து வைத்தவர், கள்வன் நுழைந்தது எனக்குத் தெரியாது என்று கூறி முழுமையாக ஒதுங்கிவிட முடியாது. பொய் அவருடையது, அப்பொய் பெற்றுத் தந்த நம்பிக்கையைத்தான் கள்வன் பயன்படுத்தினான்.

அன்பர்களே! இந்நாட்டு முஸ்லிம்களாகிய நாம் பொய்ச் செய்தியின் விலையைப் பிறரை விட அதிகமாக அறிந்தவர்கள். 2018 பெப்ரவரி மாத இறுதியில் அம்பாறையில், முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் மலட்டுத்தன்மை மாத்திரை கலக்கப்பட்டதாக வதந்தி பரவியது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாத்திரையன்று, மாவுக்கட்டி என்பது பின்னர் அரச பகுப்பாய்வில் உறுதியாயிற்று. அடுத்த மாதம் திகனப் பகுதியில் வன்முறை மூண்டபோது, அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் சில நாட்கள் முடக்க நேர்ந்தது. தமது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது. 2019 மே மாதத்தில், எமது மாவட்டத்துச் சிலாபத்தில் ஆங்கிலத்தில் இடப்பட்ட ஒரு சிறு முகநூல் வாசகம் மிரட்டல் என்று தவறாகப் பொருள்கொள்ளப்பட்டது. மறுநாள் பல ஊர்களில் வன்முறை பரவியது. கொட்டாரமுல்லையில் எமது சகோதரர் ஒருவர் உயிரிழந்தார். அல்லாஹ் அவருக்கு ஜன்னத்தை வழங்குவானாக!

விண்டோஸ் படத்தையும் இவற்றையும் நான் சமப்படுத்தவில்லை. ஆனால் பிறர் கூறிய பொய்யினால் எரிந்த சமூகம், தன் பிள்ளைகளின் கையிலிருந்து பொய் வெளிப்படுவதைச் சிறிதாகக் கருதலாகாது. இன்று கணினித் திரையைப் போலியாக ஆக்கிய கை, நாளை வங்கிப் பற்றுச்சீட்டை, பரீட்சைப் பெறுபேற்றை, பிறை அறிவித்தலைப் போலியாக ஆக்குவதற்குப் புதிதாக எதனையும் கற்க வேண்டியதில்லை.

படத்தைக் காண்பவரின் கடமை யாது? தீயவர் ஒருவர் செய்தி கொண்டு வந்தால் தெளிவாக விசாரித்தறியுமாறு அல்குர்ஆனின் ஸூரத்துல் ஹுஜுராத் 6ஆம் வசனம் எம்மைப் பணிக்கின்றது. அறியாமையினால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்து, பின்னர் வருந்த நேரிடும் என்பதே அங்கு கூறப்படும் காரணம். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: எழுத்துகள் ஒரே சீராக உள்ளனவா, நிழல்கள் ஒரே திசையில் விழுகின்றனவா, திரையிலுள்ள நேரமும் திகதியும் பொருந்துகின்றனவா என்று கவனியுங்கள். ஆயினும் இது மட்டும் போதாது. செயற்கை நுண்ணறிவு பழுதில்லாத படத்தை நொடியில் ஆக்கித் தரும் காலம் இது.

எனவே எமது இமாம்களின் வழியைப் பின்பற்றுங்கள். ஹதீஸ்கலை வல்லுநர்கள் செய்தியின் வாசகமாகிய மத்னை மட்டும் நோக்கவில்லை. அதனை அறிவித்தவர்களின் சங்கிலியாகிய இஸ்னாதையும் ஆராய்ந்தார்கள். மக்களை நன்மையின்பால் தூண்டுவதற்காகச் சிலர் புனைந்த அழகிய செய்திகளையும், மவ்ளூஃ, அதாவது புனைந்துரைக்கப்பட்டது என்று தள்ளினார்கள். உங்களிடம் படமொன்று வந்தால், “இதனை யாரிடமிருந்து பெற்றீர்? அவர் யாரிடமிருந்து பெற்றார்?” என்று கேளுங்கள். அந்நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அச்செய்தி இல்லையெனில் பிறருக்கு அனுப்பாதீர்கள், இணைப்பைத் தொடாதீர்கள். கேட்டதையெல்லாம் அறிவிப்பதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்பது நபிமொழியின் கருத்தாகும்.

பெற்றோர்களே! பிள்ளையின் கைத்தொலைபேசியைப் பறிப்பதனால் இது தீராது. ஒரு தாய் தன் பிள்ளையை, ஒன்று தருகின்றேன் வா என்று அழைத்தார். என்ன தரப்போகின்றீர் என்று நபி (ஸல்) அவர்கள் வினவ, பேரீச்சம்பழம் என்றார். எதனையும் கொடுக்காதிருந்தால் உம்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்ற கருத்தில் நபியவர்கள் கூறினார்கள். கடன்காரர் வாசலில் நிற்கையில், “வாப்பா வீட்டில் இல்லை என்று சொல்” என்று மகனை அனுப்பும் தந்தை, போலிப் படம் வரைந்த மகனை எந்த வாயால் கண்டிப்பார்? முதலில் எமது நாவைத் திருத்துவோம். பின்னர் பிள்ளையின் திறமையைப் பாராட்டி, அதற்கு ஹலாலான வழியைக் காட்டுவோம்.

அம்மாணவருக்கு நான் ஸூரத்துல் பகராவின் 160ஆம் வசனத்தை நினைவூட்டினேன். உண்மையை மறைத்தவர்களுள், தவ்பாச் செய்து, தம்மைச் சீர்திருத்தி, மறைத்ததைத் தெளிவுபடுத்தியோரை அல்லாஹ் மன்னிப்பதாக அங்கே கூறப்படுகின்றது. தனிமையில் அழுவது மட்டும் போதாது. பொய் சென்ற பாதையிலேயே உண்மையும் செல்ல வேண்டும்.

அவர் அங்கேயே அமர்ந்து, படத்தின் குறுக்கே “இது நான் வரைந்தது, உண்மையன்று; கீழுள்ள இணைப்பைத் தொட வேண்டாம்” என்று எழுதி, தாம் அனுப்பிய குழுவுக்கும், தமக்குத் திரும்பி வந்த குழுவுக்கும் அனுப்பினார். சிலர் ஏளனம் செய்தார்கள். ஒருவர் மட்டும், “நல்ல வேளை, நான் இன்னும் அழுத்தவில்லை” என்று பதிலனுப்பினார். அடுத்த வெள்ளிக்கிழமை வாப்பாவுடன் கற்பிட்டிக்குச் சென்று மச்சானிடம் மன்னிப்புக் கோரினார். எஞ்சியிருந்த பற்றுச்சீட்டுகளைக் கொண்டு அந்த வருடக் கணக்கை மீண்டும் எழுதுவதற்கு, விடுமுறை நாட்களில் இன்றும் அக்கடைக்குச் சென்று வருகின்றார்.

யா அல்லாஹ்! எமது நாவுகளையும் கைகளையும் பொய்யிலிருந்து பாதுகாப்பாயாக! எமது பிள்ளைகளின் அறிவை உண்மைக்கும் நன்மைக்கும் பயன்படச் செய்வாயாக! தவறியபோது அதனை மறைக்காது வெளிப்படுத்தும் துணிவை எமக்குத் தந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.