கொடி ரோஜாவும் கவாத்துக் கத்தியும்



கவாத்து என்றவுடன் நம்மில் பலர் கத்தியைத் தேடுகிறோம். செடி எந்தக் கொம்பில் பூக்கும் என்பதை முதலில் அறிதல் வேண்டும். இதை நான் காலங்கடந்தே கற்றேன்.

ஓய்வு பெற்றபின் நீலகிரியில் குடியேறினோம். வாயிற்பந்தலருகே என் துணைவியார் ‘டாரதி பெர்கின்ஸ்’ என்னும் கொடி ரோஜாவை நட்டு வளர்த்தார். 1901-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட இனம் அது. ஆண்டுக்கு ஒரு முறையே பூக்கும். ஆயினும், இளஞ்சிவப்புச் சிறுமலர்கள் கொத்துக்கொத்தாகப் பந்தலையே மூடிவிடும்.

அதன் கொம்புகள் கட்டுக்கடங்காமல் நீண்டிருக்கக் கண்ட நான், ஒரு தை மாதத்தில், குத்துச்செடி ரோஜாக்களை வெட்டுவதுபோல் அனைத்தையும் ஒட்ட வெட்டிவிட்டேன். அக்கோடையில் பந்தலில் இலையன்றி மலரில்லை. துணைவியார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. 35 ஆண்டுகள் பிள்ளைகளைக் கண்டித்துப் பழகிய எனக்கு, அம்மௌனத்தைவிடக் கடுமையான கண்டனம் வாய்த்ததில்லை.

பிழை யாது? இவ்வினம் முந்திய ஆண்டில் வளர்ந்த கொம்பிலேதான் பூக்கும். ஆகவே, பூத்து முடிந்தவுடன், பூத்த பழங்கொம்புகளை அடியோடு நீக்கிவிட்டு, அடியிலிருந்து எழும் புதுக்கொம்புகளைக் காத்தல் வேண்டும். 1930-இல் வெளிவந்த ‘நியூ டான்’ போன்று மீண்டும் மீண்டும் பூக்கும் கொடிகளுக்கு முறை வேறு. அவற்றின் முதன்மைக் கொம்புகளை விட்டுவைத்து, குளிர்கால இறுதியில், பூத்த பக்கக்கிளைகளை மட்டும் இரண்டு மூன்று கணுக்கள் நிற்குமாறு குறைத்தல் போதும். வெளிநோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே, கூரிய கத்தியால் சாய்வாக வெட்டுக.

ரோஜாவுக்குப் பற்றுக்கம்பி கிடையாது, நாமே கட்டவேண்டும். நிமிர்த்திக் கட்டினால், நுனிமொட்டு பக்கமொட்டுகளை அடக்கிவிடும். பூவும் உச்சியிலேயே நிற்கும். படுக்கைவாட்டில் வளைத்துக் கட்டினால், அவ்வடக்கம் தளர்ந்து, கணுதோறும் கிளை எழுந்து பூக்கும். தண்டு பருப்பதற்கு இடம்விட்டுச் சணற்கயிற்றால் தளர்வாகக் கட்டுக.

அவ்வாண்டு அடியிலிருந்து எழுந்த புதுக்கொம்புகளைத் துணைவியார் வளைத்துப் பிடிக்க, நான் கட்டினேன். மறுகோடையில் பந்தல் முழுதும் சிவந்தது. “இனிக் கத்தி என்னிடமே இருக்கட்டும்” என்றார் அவர். இன்றும் கத்தி அவரிடமே இருக்கிறது, கயிறு என்னிடம்.