கல்லைப் பார்க்கப் போறதோ?

(எமது தமிழ்ப் பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் கொம்பனியில் ஷிப்ற் வேலை செய்யிறவன். ஊரில் ஏ.எல். சோதனையோடு படிப்பு நின்றுவிட்டது. ஆகவே கலை விமர்சனம் செய்ய நான் எழும்பவில்லை. வருகிற மே மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் பிள்ளைகளை முன்ஸ்ரர் நகரத்துக்குக் கூட்டிச் சென்று அங்கே வெளியில் நிற்கும் சிற்பங்களைக் காட்டும் பொறுப்பை எனக்கும் இரண்டு ஆசிரியைமாருக்கும் தந்திருக்கிறீர்கள். அதற்காக ஒரு லீவு நாளில் நான் முன்கூட்டியே போய் நடந்து பார்த்து வந்தேன்.

போன கூட்டத்தில் ஒரு அண்ணை கேட்டார்: "கிழமையில ஒருநாள்தான் தமிழ் வகுப்பு. அதையும் விட்டிட்டுக் கல்லைப் பார்க்கப் போறதோ?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

முதலில் அந்த ஊரின் கதையைக் கேளுங்கள். 1970களில் அமெரிக்கச் சிற்பி ஜோர்ஜ் ரிக்கி செய்த ஒரு சிற்பம் முன்ஸ்ரருக்கு வந்தது. காற்றுக்கு மெல்லச் சுழலும் மூன்று உலோகச் சதுரங்கள். "இதுவும் ஒரு சிற்பமோ, இதுக்கும் காசோ?" என்று ஊர்ச்சனம் கொதித்தது. அப்போது அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருந்த கிளவுஸ் புஸ்மான், புதிய சிற்பக்கலை என்றால் என்னவென்று சனத்துக்கு விளங்கப்படுத்தப் பேச்சுக்கள் வைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1977 இல் அவரும் காஸ்பர் கோனிக்கும் நடத்திய முதலாவது கண்காட்சி. பிறகு 1987, 1997, 2007, 2017 என்று பத்து வருடத்துக்கு ஒரு தடவை நடந்தது. ஒவ்வொரு கண்காட்சியும் முடிய, சில சிற்பங்கள் அங்கேயே நின்றுவிட்டன. அவற்றைத்தான் நாங்கள் பார்க்கப் போகிறோம். மதில் இல்லை, வாசல் இல்லை, நுழைவுக் கட்டணமும் இல்லை.

1977 இல் கிளாஸ் ஓல்டன்பேர்க் என்பவர் ஆசே ஏரிக்கரையில் மூன்று பெரிய கொங்கிறீற் உருண்டைகளை வைத்தார். ஒவ்வொன்றும் 3.5 மீற்றர் விட்டம். மாணவர் கூட்டமொன்று அவற்றை உருட்டி ஏரிக்குள் தள்ளப் பார்த்தது. முடியவில்லை. இன்றைக்கு அந்த உருண்டைகளடியில்தான் இளைஞர்கள் கூடியிருந்து கதைக்கிறார்கள். வேண்டாம் என்ற ஊரே பிறகு "இது எங்கட" என்று சொல்கிறது. புதிதாக வந்து நிற்பவர்களை ஒரு ஊர் எப்படிப் பார்க்கும், எப்படிப் பழகும் என்பது எங்களுக்குத் தெரியாததா? பிள்ளைகளும் அதை அறியட்டும்.

இனித் தமிழுக்கு வருவோம். வகுப்பில் "உருண்டை", "தூண்", "வளையம்" என்று எழுதச் சொன்னால் கொட்டாவி விடுகிற பிள்ளை, அவற்றுக்கு முன்னால் நின்றால் வாய் திறக்கும். தோமஸ் ஷூற்ற 1987 இல் செய்த தூணின் உச்சியில் இரண்டு சிவப்புச் செரிப்பழங்கள் இருக்கின்றன. டொனால்ட் ஜட் செய்தது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கொங்கிறீற் வளையங்கள். இலியா கபகோவ் 1997 இல் செய்தது அன்ரெனா மாதிரி ஒரு உயர்ந்த கம்பம். அதன் கம்பிகளுக்கிடையில் ஜேர்மன் எழுத்துக்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் வாசிக்கலாம், புல்லில் படுத்தால் இன்னும் வசதி. அதைப் பிள்ளைகள் வாசித்துத் தமிழில் சொல்ல வேணும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் கயிற்றால் உருண்டையின் சுற்றளவை அளக்கட்டும். 11 மீற்றருக்குக் கிட்ட வரவேணும். அன்றிரவு ஒவ்வொரு பிள்ளையும் ஊரிலுள்ள அம்மம்மாவுக்கோ அப்பப்பாவுக்கோ ரெலிபோன் எடுத்து, பார்த்ததில் ஒன்றைத் தமிழில் விபரிக்க வேணும். அதுதான் அன்றைய பாடம். அண்ணை, வகுப்பு நிற்கவில்லை, வெளியே நடக்கிறது.

ஒழுங்குகளைச் சொல்கிறேன். ரெயினில் போய் ரெயினில் வருவோம். ரிக்கியின் சதுரங்கள் ஸ்ரேசனுக்குக் கிட்ட உள்ள பூங்காவில் நிற்கின்றன. அங்கே தொடங்கி, செரித்தூணைப் பார்த்து, ஏரிக்கரைக்கு நடப்போம். முன்ஸ்ரர் சைக்கிள் நகரம். சிவப்புக் கல் பதித்த பாதை சைக்கிளுக்குரியது, அதில் பிள்ளை கால் வைக்கக் கூடாது. அதனால் ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் வேணும். தாய்மார் மட்டுமல்ல, தகப்பன்மாரும் வரவேணும். சாப்பாடு கட்டிக்கொண்டு வாருங்கள், ஏரிக்கரையில் ஒன்றாயிருந்து சாப்பிடுவோம். மருந்து எடுக்கிற பிள்ளைகள், ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருந்தால் படிவத்தில் எழுதித் தாருங்கள்.

இன்னொரு விஷயம். சில குடும்பங்களுக்கு வதிவிட அனுமதி இன்னும் கிடைக்கவில்லை. எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று அவர்களுடைய கடதாசியில் எழுதியிருக்கலாம். வெட்கப்பட்டுப் பேசாமல் இருக்க வேண்டாம். இப்பவே தனியாக எனக்குச் சொல்லுங்கள். அனுமதி கேட்டுக் கடிதம் எழுத நேரம் இருக்கிறது. ரிக்கெற் காசு கஷ்டமென்றாலும் அப்படித்தான், சங்கம் பார்த்துக்கொள்ளும். காசுக்காகவோ கடதாசிக்காகவோ ஒரு பிள்ளை வீட்டில் நின்று, மற்றப் பிள்ளைகள் வந்து சொல்கிற கதையைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. போனால் எல்லாப் பிள்ளைகளும் போகவேணும்.

படிவங்களைச் சித்திரைப் புத்தாண்டு விழாவுக்கு முன் ஆசிரியைமாரிடம் கொடுத்துவிடுங்கள். அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.