யார் செய்த பாவம்?

(நம் மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை. திருமறைப் பகுதி: யோவான் 9:1–41)





சென்ற கூடுகையில் ஒரு பெரியவர் என்னிடம், "ஐயா, நற்செய்தி நூலை ஆராய்ச்சி முறைகளைக் கொண்டு படித்தால் விசுவாசம் குறைந்துவிடாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வாதம் செய்து பதில் சொல்வதைவிட, நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிப் பதில் தரலாம் என்று நினைக்கிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு முன், ஆயர் பணியில் நான் புதியவன். வேறோர் ஊரில் குழந்தைகள் வார்டில் பிணியாளரைச் சந்திக்கப் போனேன். சோமனூர் பக்கத்தில் விசைத்தறிக்குப் போகும் ஒரு தாய், பிறவியிலேயே பார்வையற்ற மகனை மடியில் வைத்திருந்தார். "நான் என்ன பாவம் பண்ணுனேனுங்க ஐயா?" என்று கேட்டார். நான் தயங்கவே இல்லை. யோவான் ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்து, "பாவம் காரணமில்லை அம்மா, தேவனுடைய மகிமை விளங்கவே இவன் இப்படிப் பிறந்தான்" என்றேன். அந்தத் தாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்படீங்களா? என்ற புள்ள கண்ணை எடுத்துத்தான் உங்க சாமிக்குப் பெருமை வரோணுமுங்களா?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. ஜெபம் செய்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது. இறையியல் கல்லூரியில் தேர்வுக்காகப் படித்த முறைகளையெல்லாம் அதன் பிறகுதான் உண்மையான தேவையோடு கையில் எடுத்தேன்.

முதலில் மூல மொழியைப் பார்த்தேன். நம் தமிழ் வேதாகமத்தில் மூன்றாம் வசனத்தின் முடிவில், அவன் அப்படிப் பிறந்ததாகச் சொல்லும் சொற்கள் உள்ளன. கிரேக்க மூலத்தில் அவ்விடத்தில் அந்தச் சொற்கள் இல்லை. கருத்து முழுமை பெற மொழிபெயர்ப்பாளர் சேர்த்தவை அவை. மேலும், தொடக்ககாலக் கையெழுத்துப் பிரதிகளில் இன்று நாம் இடுவது போன்ற நிறுத்தக்குறிகள் இல்லை. ஆகவே சில அறிஞர்கள் முற்றுப்புள்ளியை முன்னால் வைத்துப் படிக்கிறார்கள். அப்போது பொருள் இப்படி அமைகிறது: இவனும் பாவம் செய்யவில்லை, பெற்றோரும் செய்யவில்லை. ஆனால் தேவனுடைய கிரியைகள் இவனிடத்தில் வெளிப்படும்படி, பகல் இருக்கும்போதே நாம் வேலை செய்யவேண்டும். இதை எல்லா அறிஞரும் ஏற்பதில்லை. ஆயினும், அந்தத் தாயிடம் அவ்வளவு உறுதியாகப் பேச எனக்கு உரிமை இருந்ததா என்று இது என்னைக் கேட்க வைத்தது.

அடுத்தது வரலாற்று முறை. இயேசு அந்த மனிதனைக் கழுவச் சொல்லி அனுப்பிய இடம் சீலோவாம் குளம். 2004-ஆம் ஆண்டில் எருசலேமில் கழிவுநீர்க் குழாய் வேலை நடந்தபோது, அந்தக் குளத்தினுடையவை என்று அறிஞர் கருதும் படிக்கட்டுகள் வெளிப்பட்டன. 22-ஆம் வசனம் ஜெப ஆலயத்திலிருந்து விலக்கப்படும் அச்சத்தைப் பற்றிப் பேசுகிறது. யோவானின் திருச்சபை பிற்காலத்தில் பட்ட வேதனையும் இந்தக் கதைக்குள் கேட்கிறது என்று லூயிஸ் மார்ட்டின் என்ற அமெரிக்க அறிஞர் 1968-இல் எழுதினார். ஒரு குடும்பத்துக்குள் நேர்ந்த பிரிவின் வலி அது. பார்வை பெற்றவனும் யூதன், அவன் பெற்றோரும் யூதர், நம் ஆண்டவரும் யூதர். ஆகையால் யூத மக்களைப் பழித்துப் பேச இந்த அதிகாரம் இடம் கொடுப்பதில்லை.

மூன்றாவது, கதையைக் கதையாகவே படிக்கும் முறை. யோவான் நற்செய்தியை இவ்விதமாக ஆராய்ந்த ஆலன் கல்பெப்பரின் நூல் 1983-இல் வெளிவந்தது. எத்தனை காட்சிகள், யார் பேசுகிறார், யார் பேசவில்லை, யார் எங்கே மறைகிறார் என்று இந்த முறை கேட்கும். பாட்டியிடம் கதை கேட்ட எவருக்கும் இது புதிதல்ல.

இந்த அதிகாரத்தை ஏழு காட்சிகளாகப் பிரிக்கலாம். முதல் காட்சியில் சீஷர்கள் அந்த மனிதனிடம் பேசவில்லை. அவன் தலைக்கு மேலே அவனைப் பற்றிப் பேசுகிறார்கள். ஏழாம் வசனத்துக்குப் பின் இயேசுவே காட்சியிலிருந்து மறைந்துவிடுகிறார். 8 முதல் 34 வரை, 27 வசனங்களில் அவர் நேரில் இல்லை. அவ்வளவு நேரமும் அவன் தனியாக விசாரிக்கப்படுகிறான். அயலார் கேட்கிறார்கள். பரிசேயர் கேட்கிறார்கள். பெற்றோர் பயந்து, "அவனையே கேளுங்கள்" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். மறுபடியும் விசாரணை, கடைசியில் வெளியே தள்ளுகிறார்கள்.

ஆனால் அவன் வளர்வதைப் பாருங்கள். முதலில் இயேசு அவனுக்கு ஒரு மனிதர். பிறகு தீர்க்கதரிசி. அதன்பின் தேவனிடமிருந்து வந்தவர். முடிவில் அவன் அவரை ஆண்டவரே என்று அழைத்துப் பணிந்துகொள்கிறான். எல்லாம் தெரியும் என்றவர்களோ கடைசிக் காட்சியில் குருடராக நிற்கிறார்கள்.

இதைக் கண்டபோது எனக்கு வெட்கமாயிருந்தது. அன்று அந்த வார்டில் நான் இயேசுவின் இடத்தில் நிற்பதாக எண்ணியிருந்தேன். உண்மையில் நான் நின்றது, பதில்களைக் கையில் வைத்திருந்தவர்களின் வரிசையில்தான்.

நான்காவது முறைக்கு நாம் வெளிநாட்டுக்குப் போகவேண்டியதில்லை. 1950-இல் தென்னிந்தியத் திருச்சபையின் கோவைப் பேராயத்துக்கு முதல் பேராயராக வந்தவர் ஏ. ஜே. அப்பாசாமி அவர்கள். பாளையங்கோட்டையில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் ஆய்வு செய்தவர். யோவானின் எழுத்துகளைப் பக்தி மார்க்கத்தின் வழியே விளக்கும் அவருடைய ஆங்கில நூல் 1927-இலேயே வெளிவந்தது. தமிழ்ப் பக்தர்கள் இறைவனோடு கொண்ட அன்புறவை அறிந்த நமக்கு, யோவான் சொல்லும் 'நிலைத்திருத்தல்' எளிதாக விளங்கும் என்பது அவர் காட்டிய வழி. அந்தக் கண்ணோடு நான் ஒன்பதாம் அதிகாரத்தைப் படிக்கும்போது ஒன்று தெரிகிறது. 'யார் செய்த பாவம்' என்ற கேள்விக்கு விளக்கவுரையோடு இந்தக் கதை முடியவில்லை. தள்ளப்பட்டவனை இயேசு தேடிக் கண்டுபிடிக்கிறார். அவன் அவரைப் பணிகிறான். கதை வந்து சேரும் இடம் அந்த உறவுதான்.

இப்போது நம் வார்டில் வாரம் ஒருமுறை இந்தக் கதையைக் குரல் மாற்றி வாசிக்கிறோம். செவிலியர் ஒருவர் பெற்றோராகவும், நோயாளியின் உறவினர் ஒருவர் அயலாராகவும் வாசிப்பார்கள். ஒருமுறை சர்க்கரை நோயால் கால் விரலை இழந்த விவசாயி ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கிறிஸ்தவர் அல்ல. முடிந்ததும் சொன்னார்: "ஆளாளுக்கு அந்தப் பையனைக் கேள்விதானுங்க கேக்கறாங்க. சாப்பிட்டியா கண்ணுன்னு ஒருத்தரும் கேக்கலீங்களே!" எந்த விளக்கவுரையிலும் நான் இதைப் படித்ததில்லை.

ஆகவே அந்தப் பெரியவருக்கு என் பதில் இது: முறைகள் என் விசுவாசத்தைக் குறைக்கவில்லை. நான் கொண்டிருந்த அவசரத்தைத்தான் குறைத்தன. அந்தத் தாயை மறுபடியும் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால், "தெரியவில்லை அம்மா. ஆனால் பகல் இருக்கும்வரை இவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்வோம்" என்று சொல்லியிருப்பேன்.

அருமையானவர்களே, நீங்கள் அனுப்பும் காணிக்கை அந்தப் பகல்நேர வேலைக்குத்தான் உதவுகிறது. உங்களிடம் இன்னொரு விண்ணப்பமும் உண்டு. உங்கள் தெருவில், உங்கள் சபையில் ஒருவர் நோயுற்றிருந்தால் போய்ப் பாருங்கள். காரணம் தேடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள்.

தள்ளப்பட்டவனைத் தேடிப்போன ஆண்டவர் தாமே உங்கள் ஒவ்வொருவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.