முதிர்ந்த கொடியும் ஓக் பீப்பாவும்

பிரான்சு தேசத்தின் பேர்கண்டிப் பகுதியிலே மொன்ராஷே என்றொரு முந்திரிகைத் தோட்டம் உண்டு. அதன் பரப்பு 8 ஹெக்டேயருக்கும் சற்றுக் குறைவே. இரு கிராமங்களின் எல்லையிற் கிடக்கும் இச்சிறு சரிவை உரிமையாளர் பலர் பங்கிட்டு வைத்திருக்கின்றனர். இங்கே பயிராவது சார்டனே என்னும் வெள்ளை முந்திரிகை. இதன் வைன் உலகின் வெள்ளை வைன்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுகின்றது.

சார்டனேயின் குலம் வியப்புக்குரியது. பெருமக்கள் போற்றிய பினோவுக்கும், குடியானவர் வளர்த்த, மதிப்புக் குறைந்த குவே என்னும் கொடிக்கும் பிறந்ததே அது என 1999ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது.

முந்திரிகைக் கொடி முதுமையடைய விளைச்சல் குறையும். நோயும் மெல்லப் பற்றும். ஆயினும் நெடுங்காலம் நின்ற கொடியின் வேர் சுண்ணக்கல்லின் இடுக்குகளிலே ஆழ ஓடியிருக்கும்; காய்ப்பது சில குலைகளேயாயினும் சுவை செறிந்திருக்கும் என்பது அனுபவசாலிகளின் துணிபு. எனவே, முதிர்ந்த கொடியைப் பிடுங்குவதா, விட்டுவைப்பதா என்னும் கேள்வி தோட்டக்காரனை வாட்டுகின்றது. பிடுங்கினால், புதுக்கன்று காய்க்கவே ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் செல்லும். விட்டுவைத்தால், ஆண்டுதோறும் வருவாய் தேயும். நல்ல கிழக்கொடிகளைத் தேர்ந்து, அவற்றின் துண்டுகளை ஒட்டி நட்டு, குலத்தைக் காப்பவரும் உளர். ‘முதிர்ந்த கொடி’ எனப் போத்தலிற் பொறிப்பதற்கு எத்தனை வயது வேண்டுமெனப் பிரெஞ்சுச் சட்டம் வரையறுக்கவில்லை. அது உற்பத்தியாளரின் நாணயத்தைப் பொறுத்தது.

பிழிந்த சாறு 228 லீற்றர் கொள்ளும் ஓக் பீப்பாக்களிலே புளிக்கின்றது. அப்பீப்பாவின் பலகைகளும் அவசரத்திற் பிறந்தவையல்ல. நூறாண்டுக்கு மேல் வளர்ந்த மரத்தைப் பிளந்து, இரண்டு மூன்று ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடத்திய பின்னரே தச்சன் அவற்றை நெருப்பிலே வாட்டி வளைக்கின்றான். மரத்தினூடே சிறிது சிறிதாகக் காற்றுப் புகுகின்றது. அடியிற் படியும் மண்டியைக் கோலினாற் கலக்குவதால் வைன் திண்மை பெறுகின்றது. கூரிய புளிப்பும் நுண்ணுயிர்களால் மென்மையாகின்றது.

புதிய ஓக் வனிலா மணத்தையும், வாட்டிய மரத்தின் வாசனையையும் தரும். அளவு மிஞ்சினால் மரமே மணக்கும். மண்ணும் கொடியும் மறைந்துபோம். கைதேர்ந்தவன் புதிய பீப்பாக்களோடு பழையவற்றையும் கலந்து பயன்படுத்துவது இதனாலேயே. கிழக்கொடி பல்லாண்டு தேடிய சுவையைத் தாங்கி நிற்பதே பீப்பாவின் தொழில், அதனை விழுங்கிவிடுவதன்று.